ஐம்பொறியும் அகச்சுரப்பும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவியரங்கமும் பட்டிமன்றமும் நிகழும் மேடையில் கண்ணின் விழித்திரைக்கும் கழுத்தின் சுரப்பிக்கும் என்ன வேலை என்று வினவுவோர் இருக்கலாம். வினா நியாயமானதே. ஆயினும் தமிழில் பாடல் புனைவோரைக் குறிக்கும் சொற்களுள் தலையாயது 'புலவர்' என்பதாகும். புலம் என்றால் அறிவு. புலன் என்றால் கண், காது முதலிய பொறிகளின் வழியே பெறும் உணர்வு. இவை ஒருவேர்ச் சொற்கள். அகத்தே எழும் உணர்ச்சி உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலப்படுதலைத் தொல்காப்பியர் 'மெய்ப்பாடு' என்று பெயரிட்டு அதற்கென ஓர் இயலையே வகுத்தார். மெய் என்பது உடம்புக்கும் பெயர், உண்மைக்கும் பெயர். உடம்பை ஒதுக்கிவிட்டு உள்ளத்தை மட்டும் பேசும் கவிதையியல் தமிழில் தோன்றவில்லை.

புறவுலகின் செய்தியை உள்ளே கொணர்வன ஐம்பொறிகள். உள்ளிருந்தே உடலுக்கு ஆணை விடுப்பன நாளமில்லாச் சுரப்பிகள். இவ்விரண்டைப் பற்றிய இன்றைய அறிவைத் தமிழ் இலக்கியத்தின் பக்கத்தில் வைத்துக் காண்பதும், அவ்வறிவு கவிஞர்க்கு விதிக்கும் கடமை ஒன்றை எடுத்துரைப்பதும் இவ்வுரையின் நோக்கமாகும்.

ஆறறிவுப் படிநிலை

தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகைப்படுத்துகிறது. புல்லும் மரமும் தொடுவுணர்வு ஒன்றே உடையன. நத்தையும் சிப்பியும் போல்வன சுவையும் அறிவன. கறையானும் எறும்பும் மணம் அறிவன. நண்டும் தும்பியும் காண்பன. விலங்குகள் கேட்பன. மனத்தால் அறிதலாகிய ஆறாவது அறிவு மக்களுக்கு உரியது. உடம்பு முழுதும் பரந்த தோலில் தொடங்கி, நாக்கு, மூக்கு, கண், காது என்று முகத்தில் கீழிருந்து மேலாக ஏறிச் செல்லும் அழகு இவ்வரிசையில் உண்டு.

இன்றைய விலங்கியல் இதனை அப்படியே ஏற்காது. நத்தை மணத்தை நன்கு உணரும். எறும்புகளுள் பெரும்பாலானவற்றுக்குக் கண் உண்டு. ஆயினும் உயிர்களை அவற்றின் உணரும் ஆற்றலால் பகுக்கலாம் என்று எண்ணிய துணிவு பெரிது. உருவத்தையோ பயனையோ அளவுகோலாகக் கொள்ளாமல் அறிதலைக் கொண்டதே மரபியலின் சிறப்பு.

கண்ணும் நிலவும்

விழித்திரையில் இருவகை ஒளியுணர் செல்கள் உள்ளன. மங்கிய ஒளியிலும் பணிபுரியும் கோல் செல்கள் ஒரு கண்ணில் 9 முதல் 12 கோடி வரை இருக்கும் எனக் கணக்கிடுவர். நிறம் காட்டும் கூம்பு செல்கள் 45 முதல் 60 இலட்சம். அவை செயற்பட நல்ல ஒளி வேண்டும். இருள் சூழச் சூழக் கூம்புகள் ஓய்ந்து கோல்கள் பொறுப்பேற்கின்றன. அவற்றுக்கு நிறவேறுபாடு தெரியாது. அம்மாற்றத்தின்போது சிவப்பு முதலில் கருமையடைந்து மறைகிறது. நீலமும் வெண்மையும் துலங்கி நிற்கின்றன. இதனை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் பூர்க்கின்யே கண்டு எழுதினார்.

மங்கிய நிலவில் செம்பருத்தியின் சிவப்பைப் பாடும் கவிஞர் கண்டதைப் பாடவில்லை. பகலில் கண்டதை நினைந்து பாடுகிறார். முல்லைத் திணைக்கு மாலையைச் சிறுபொழுதாக வகுத்த முன்னோர் நுண்மையாக நோக்கியவர்கள். மாலையில் விரியும் முல்லை வெள்ளை நிறத்தது. பிற வண்ணங்கள் ஒவ்வொன்றாக அவிந்துபோகும் வேளையில் கண்ணுக்கு எஞ்சி நிற்பது வெண்மை. பிரிந்து சென்றவனுக்காகக் காத்திருப்பவளின் கண்முன் எல்லாம் மங்க, அம்மலர் மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அவளுடைய துயரை அது ஏன் மிகுவிக்கிறது என்பதற்கு விழித்திரையும் ஒரு விளக்கம் தருகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. பார்வை நரம்பு விழித்திரையை விட்டு வெளியேறும் இடத்தில் ஒளியுணர் செல்கள் இல்லை. நலமான கண் ஒவ்வொன்றிலும் இக்குருட்டுப் புள்ளி உண்டு. அந்த வெற்றிடத்தைச் சுற்றியுள்ளவற்றைக் கொண்டு மூளை நிரப்பிக்கொள்வதால் ஒருவர்க்கும் தம் குறை தெரிவதில்லை. பார்வையுடையோர் அனைவரும் ஒரு சிறு குருட்டையும் உடன்கொண்டே திரிகின்றனர்.

செவியின் பறை

செவியின் உறுப்புகளுக்குத் தமிழ் தந்துள்ள பெயர்கள் ஒரு கைவினைக் கூடத்தை நினைவூட்டுவன. செவிப்பறை, அதனை அடுத்துச் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள், பின்னர் நத்தைச் சுருள். அங்கவடி எலும்பு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவினது. மனித உடலின் மிகச் சிறிய எலும்பு அதுவே. காற்றின் அதிர்வு பறையில் மோதிச் சிற்றெலும்புகள் வழியே நத்தைச் சுருளின் நீர்மத்தில் அலையாகிறது. அங்குள்ள மயிர்ச் செல்கள் அவ்வலையை மின்குறியாக்கி நரம்பில் ஏற்றுகின்றன. இவ்வலை சுருளில் பரவும் முறையைக் கண்டறிந்த கேயார்க் ஃபான் பெக்கேஷி 1961இல் நோபல் பரிசு பெற்றார்.

ஒரு செவியில் உள்ள மயிர்ச் செல்கள் ஏறத்தாழ 15,000 மட்டுமே. விழித்திரையின் கோடிகளோடு ஒப்பிட்டால் இது ஒரு சிற்றூரின் மக்கள்தொகை. இவை அழிந்தால் மனிதர்க்கு மீண்டும் முளைப்பதில்லை. மண்டபத்து ஒலிபெருக்கியின் முன் விடிய விடிய அமர்ந்திருப்பவர் இழப்பது இச்செல்வத்தையே. கேள்வியைச் செல்வம் என்று போற்றிய திருக்குறளின் சொல் செவியின் உடற்கூற்றுக்கும் பொருந்துகிறது. செலவழித்தால் மீளாத செல்வம் அது.

மண்வாசனையும் அறுசுவையும்

திறனாய்வாளர் அடிக்கடி ஆளும் 'மண்வாசனை' என்னும் சொல்லுக்கு உண்மையான மணம் ஒன்று உண்டு. கோடை முடிந்து முதல் மழை விழும்போது எழும் மணத்தில் சியோசுமின் என்னும் பொருள் முதன்மையானது. மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசீஸ் முதலிய நுண்ணுயிர்கள் அதனை ஆக்குகின்றன. நீரில் ஓர் இலட்சம் கோடிப் பங்கில் சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதனை உணர்ந்துவிடும். மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை மணவாங்கிகள் உள்ளன. இவற்றுக்கான மரபணுக்களின் பெருங்குடும்பத்தை லிண்டா பக், ரிச்சர்டு ஆக்செல் ஆகிய இருவரும் 1991இல் வெளிப்படுத்தி, 2004இல் நோபல் பரிசு பெற்றனர். பிற புலன்களின் செய்தி தலாமசு என்னும் இடைநிலையம் வழியாகவே மூளைப் புறணியை அடையும். மணமோ அந்நிலையத்தில் காத்திராமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேரே சென்றடைகிறது. தாழம்பூவின் மணம் பட்ட அளவிலே பாட்டியின் பெட்டியும் அதனுள் இருந்த பட்டுச் சேலையும் கண்முன் வந்து நிற்பது இதனால்தான்.

சுவையில் தமிழ் மரபு ஆறு காண்கிறது. இன்றைய அறிவியல் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கசப்பு ஆகிய நான்கோடு, சப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா 1908இல் கண்டறிந்து உமாமி எனப் பெயரிட்ட ஐந்தாவதையும் கொள்கிறது. கார்ப்பையும் துவர்ப்பையும் அது சுவைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. துவர்ப்பு என்பது வாயின் உட்புறம் உலர்ந்து இறுகும் தொடுவுணர்ச்சி. கார்ப்பு என்பது வெப்பத்தையும் வலியையும் உணரும் நரம்புகளின் குரல். மிளகாயின் காரப்பொருளை ஏற்கும் வாங்கி, சுடுநீர் பட்டால் தூண்டப்படும் வாங்கியே என்று டேவிட் ஜூலியசு 1997இல் நிறுவினார். அழுத்தத்தை உணரும் வாங்கிகளைக் கண்ட ஆர்டெம் பட்டபூட்டியனோடு 2021இல் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பெற்றது. 'எரிகிறது' என்று தமிழர் சொல்வது உவமை அன்று. நரம்பு அப்படித்தான் உரைக்கிறது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து கடல்கடந்து வந்த பொருள். அது வருமுன் தமிழர்க்குக் காரம் தந்தது மிளகு. புதிய காயைக் கண்டவர்கள் பழைய மிளகின் பெயரையே அதற்கு முன்னிறுத்தி 'மிளகாய்' என்றனர். மிளகின் காரப்பொருளும் அதே வாங்கியையே தூண்டுகிறது என்பதை எண்ணும்போது, பெயரிட்டவர்களின் நாக்கு பிழை செய்யவில்லை என்பது விளங்கும்.

சுரத்தல் என்னும் சொல்

இனி அகச்சுரப்புக்கு வருவோர் முதலில் 'சுரத்தல்' என்னும் சொல்லின்முன் சற்றே நிற்றல் வேண்டும். ஊற்றில் நீர் சுரக்கும். மடியில் பால் சுரக்கும். வள்ளல் பொருள் சுரப்பான். இறைவன் அருள் சுரப்பான். உள்ளிருப்பது தானே நெகிழ்ந்து பிறர்க்காக வெளிப்படுதல் இச்சொல்லின் உயிர்ப்பொருள். 'சுரப்பி' என்னும் கலைச்சொல் இந்த வேரிலிருந்து கிளைத்தது.

உமிழ்நீர்ச் சுரப்பி போன்றவை தம் நீரைக் குழாய் வழியே அனுப்புகின்றன. அவ்வாறு குழாய் எதுவுமின்றித் தம் சுரப்பைக் குருதியில் நேரே கலப்பவை நாளமில்லாச் சுரப்பிகள். மூளையின் அடியில் பட்டாணியளவில் அரைக் கிராம் எடையுள்ள பிட்யூட்டரி, கழுத்தின் முன்புறம் உள்ள தைராய்டு, சிறுநீரகங்களின் தலையில் தொப்பிபோல் அமர்ந்த அண்ணீரகங்கள், கணையத்தின் திட்டுகள், விந்தகம், சூலகம் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை.

1902இல் இலண்டனில் வில்லியம் பேலிசு, எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஆகிய இருவரும் ஒரு சோதனை செய்தனர். சிறுகுடலுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்த பின்னும், குடலில் அமிலம் பட்டதும் கணையம் நீர் சுரந்தது. நரம்பில்லாமல் செய்தி சென்ற வழி குருதியே என்று அவர்கள் உணர்ந்தனர். அத்தகைய தூதுப் பொருளுக்கு 1905இல் ஸ்டார்லிங் 'ஹார்மோன்' என்ற பெயரை வழங்கினார். இயக்கத்தைத் தூண்டுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினைச்சொல்லிலிருந்து அது பிறந்தது. தமிழில் அதனை 'இயக்குநீர்' என்று வழங்குவது மூலச் சொல்லின் உயிரை அப்படியே பிடித்த ஆக்கமாகும்.

புலனும் சுரப்பும் கைகோக்கும் இடத்துக்குத் தாய்ப்பால் சிறந்த சான்று. பாலை ஆக்குவது புரோலாக்டின். ஆக்கிய பாலை வெளிப்படுத்துவது ஆக்சிடோசின். குழந்தை வாய்வைத்ததும் அத்தொடுவுணர்வு மூளையின் அடித்தளத்தை எட்டுகிறது. பிட்யூட்டரியின் பின்பகுதி ஆக்சிடோசினை விடுவிக்கிறது. மார்பில் பால் நுண்ணறைகளைச் சூழ்ந்த தசைச் செல்கள் சுருங்கப் பால் வழிகிறது. பழகிய தாய்க்கு வாய்வைத்தலும் வேண்டுவதில்லை. அடுத்த அறையில் குழந்தை அழும் ஒலி போதும். சிலர்க்கு நினைவே போதும். செவியில் புகுந்த ஒலி மார்பில் பாலாகிறது.

புறநானூற்றில் ஔவையார் பாடல் ஒன்று, போரில் புறங்கொடாது மடிந்த மகனின் பெருமையைக் கண்ட முதிய தாய்க்கு வற்றிய மார்பில் பால் ஊறிற்று என்று கூறுகிறது. பாலூட்டல் நின்று பல்லாண்டு கழிந்த முதியவளுக்கு அவ்வாறு சுரத்தல் உடலியல் நிகழ்ச்சி ஆகாது. அது கவிதையின் உரிமை. ஆனால் கண்டதும் சுரத்தல் என்ற வழி, அதாவது புலனிலிருந்து உள்ளத்துக்கும் உள்ளத்திலிருந்து சுரப்புக்கும் செல்லும் வழி, கற்பனை அன்று. அவ்வழியைப் பெண்பாற் புலவர் ஒருவர் பாடிவைத்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

மெய்ப்பாடும் அண்ணீரகமும்

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு. இவை ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் வகுத்தார். அச்சம் அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கின்வழித் தோன்றும். அவ்வச்சம் மெய்யிற்படும் விதத்தை இன்றைய உடலியல் படிப்படியாக விளக்குகிறது. புலியைக் கண் கண்டதும் செய்தி மூளைக்குச் செல்கிறது. நரம்பு வழியே ஆணை பெற்ற அண்ணீரகத்தின் உட்பகுதி நொடிப்பொழுதில் அட்ரினலினைக் குருதியில் சொரிகிறது. இதயம் விரைகிறது, கண்மணி அகல்கிறது, தோலின் குருதி தசைக்குத் திரும்புவதால் முகம் வெளுக்கிறது, வாய் உலர்கிறது, மயிர் சிலிர்க்கிறது. சற்றே தாழ்த்து அண்ணீரகத்தின் புறப்பகுதி கார்ட்டிசாலைச் சுரந்து உடலை நீண்ட போராட்டத்துக்கு ஆயத்தம் செய்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் வெளியிட்ட நூலில் வலி, பசி, அச்சம், சினம் ஆகியவற்றின்போது உடலில் நேரும் மாற்றங்களைத் தொகுத்துரைத்தார். 'பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது', 'வெலவெலத்துப் போனான்' என்னும் வழக்குகளில் ஊரார் இதனை முன்பே பதிவு செய்திருக்கின்றனர்.

வெறியாட்டு: பிழைபட்ட நோய்க்கணிப்பு

அகப்பாடல்களில் தலைவி மெலிகிறாள், வளை கழல்கிறது, பசலை பாய்கிறது, உறக்கம் இல்லை. தாய் கலங்குகிறாள். கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். முருகனால் வந்த அணங்கு என்று முடிவாகிறது. வேலன் வருகிறான், களம் இழைத்து, மறி அறுத்து, வெறியாடுகிறான். நோயின் காரணம் அறிந்தவள் தோழி ஒருத்தியே. நற்றிணையில் ஒரு தோழி, காரணம் தெரிந்திருந்தும் வெறிக்களத்துக்கு வந்த முருகனையே அறியாமை உடையவன் என்று எள்ளுகிறாள்.

வெறியாட்டுத் துறையைப் பழந்தமிழர் சமயச் சடங்குக்குச் சான்றாகவே பெரும்பாலும் காட்டுவர். அது பிழைபட்ட நோய்க்கணிப்பைப் பற்றிய இலக்கியமும் ஆகும். குறி கண்ணுக்குத் தெரிகிறது, காரணம் தெரியவில்லை, தெரியாத இடத்தில் தெய்வத்தின்மீதோ பெண்ணின்மீதோ பழி ஏற்றப்படுகிறது. அறியாத ஊரும் அறிந்த தோழியும் எதிரெதிரே நிற்கும் நாடகம் அது.

அந்த நாடகம் இன்றும் முடிந்தபாடில்லை. ஓர் இல்லத்தரசியை எண்ணிப் பார்க்கலாம். நாற்பது வயது. காலையில் எழ முடியவில்லை, உடல் பருக்கிறது, பங்குனி வெயிலிலும் குளிர்கிறது, தலைமயிர் கொத்துக் கொத்தாக உதிர்கிறது, குரல் தடிக்கிறது, மறதி மிகுகிறது, மாதவிலக்கில் போக்கு பெருகுகிறது. வீட்டார் 'சோம்பேறி' என்பர். அக்கம்பக்கத்தார் 'தின்று கொழுத்தவள்' என்பர். அவளும் அதனை நம்பித் தன்னையே நொந்துகொள்வாள். மற்றொருத்தி இளம்பெண். நன்கு உண்டும் மெலிகிறாள், விரல் நடுங்குகிறது, நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் இல்லை, சிறு சொல்லுக்கும் சீறுகிறாள், விழி பிதுங்கி நிற்கிறது. 'காதல் நோய்' என்பார் ஒருவர். 'காற்றுக் கருப்பு' என்பார் மற்றொருவர். வேப்பிலையோடு வருவார் மூன்றாமவர்.

முன்னவளுக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது; பின்னவளுக்கு மிகையாகச் சுரக்கிறது. ஏறத்தாழ 20 கிராம் எடையில், வண்ணத்துப்பூச்சி வடிவில் மூச்சுக்குழலின்மேல் படிந்திருக்கும் அவ்வுறுப்பு, உடலின் ஒவ்வொரு செல்லும் எரியும் விரைவை ஆள்கிறது. தைராய்டு என்ற பெயர் கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தமிழிலும் கேடயச் சுரப்பி என்பதுண்டு. இந்நோய்கள் ஆடவரினும் பெண்டிர்க்குப் பன்மடங்கு மிகுதி. ஒரு சிறு குருதிச் சோதனையில் இவை பெரும்பாலும் புலப்பட்டுவிடும். குறைவாகச் சுரப்பவர்க்கு நாள்தோறும் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போதும். மிகையாகச் சுரப்பவர்க்கும் மருந்துண்டு. பல்லாண்டு சுமந்த பழி, பல வேளைகளில் சில மாதங்களில் நீங்கிவிடும்.

எட்டு எச்சமும் ஒரு சிட்டிகை உப்பும்

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளிக்குப் பாடிய புறப்பாட்டு ஒன்று, மக்கட் பிறப்பின் குறைகளாக எட்டினை எண்ணுகிறது. குருடு, வடிவற்ற பிண்டம், கூன், குள்ளம், ஊமை, செவிடு, விலங்கு வடிவு, மயக்கம் என்பன அவை. மருத்துவ அறிவு வளராத காலத்தில் அவை பயனற்ற பிறப்புகளாகவே கொள்ளப்பட்டன. அது அக்காலத்தின் எல்லை.

இவ்வெட்டனுள் குள்ளம், ஊமை, செவிடு, மயக்கம் ஆகிய நான்கும் ஒரே ஒரு குறையால் நேரக்கூடும் என்பது இன்று தெளிவாகியுள்ளது. தைராய்டின் சுரப்புக்கு அயோடின் இன்றியமையாதது. கருவுற்ற தாய்க்கு அயோடின் பெரிதும் குறைந்தால் கருவிலேயே குழந்தையின் மூளையும் செவியும் வளர்ச்சி குன்றும். கேளாத செவியால் பேச்சும் எழாது. வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு வேண்டுவது 150 மைக்ரோகிராம், கருவுற்றோர்க்கு 250. ஓர் ஆயுளுக்குத் தேவையான அயோடின் முழுவதும் ஒரு தேக்கரண்டியில் அடங்கிவிடும்.

இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் முன்கழுத்துக் கழலை பெருகியிருந்தது. 1956இல் தொடங்கி மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசுவாமியும் அவர்தம் குழுவினரும் அங்கு அயோடின் கலந்த உப்பை வழங்கிக் கழலை குறைவதை மெய்ப்பித்தனர். அச்சான்று வளர்ந்துவந்த காலத்திலேயே, 1962இல் இந்திய அரசு கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. 1992இல் அது அயோடின் குறைபாட்டு நோய்கள் அனைத்தையும் தழுவியதாகப் பெயர் மாற்றம் பெற்றது. கடலிலிருந்து எடுத்த உப்பில் அயோடின் இயல்பாகவே நிறைந்திருக்கும் எனப் பலர் எண்ணுவர். அது பிழை. தூத்துக்குடி உப்பளத்தில் விளையும் உப்பிலும் தனியே கலந்தால்தான் உண்டு. சங்ககாலத்து உமணர் வண்டி வண்டியாக உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்றனர். அவ்வண்டியில் இந்த ஒரு பொருளும் ஏறுவதற்கு 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிறவியிலேயே தைராய்டு சுரக்காத குழந்தைகளும் உண்டு. உலக அளவில் 2,000 முதல் 4,000 பிறப்புக்கு ஒன்று எனக் கணக்கிடுவர். பிறந்த சில நாளில் குதிகாலில் எடுக்கும் சில துளிக் குருதியால் இதனைக் கண்டறியலாம். இரு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் அக்குழந்தை பிற குழந்தைகளைப் போலவே வளரும். தவறினால் இழந்த அறிவு மீளாது. ஊழ் எனக் கருதப்பட்ட ஒன்று நாட்காட்டியில் இரு வாரமாகச் சுருங்கியிருக்கிறது.

சொல்லின் பொறுப்பு

இங்கே கவிஞர்தம் கடமை தொடங்குகிறது. 'குருட்டுச் சமுதாயம்', 'செவிட்டு அரசு', 'ஊமை மக்கள்' என்னும் தொடர்கள் கவியரங்குகளில் கைதட்டல் பெறுவன. பாடுவோர் உடற்குறை உடையாரை இழிவுபடுத்தக் கருதுவதில்லை என்பது உண்மையே. ஆயினும் அரங்கின் கடைசி வரிசையில் பார்வையற்ற ஒருவர் அமர்ந்து அப்பாட்டைக் கேட்கக்கூடும். மடமைக்கும் கொடுமைக்கும் தம் உடல் ஒரு பெயராக ஆளப்படுவதை அவர் ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். காண மறுப்பவன் வேறு. காண இயலாதவர் வேறு. முன்னவனுக்கு உரிய வசையைப் பின்னவரின் பெயரால் வழங்குதல் முறையன்று.

தமிழ் வரலாறும் அவ்வுவமையை மறுக்கிறது. அந்தகக்கவி வீரராகவ முதலியார் பார்வையின்றியே புலமையால் புகழ்பெற்றார். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் இளமையிலேயே அம்மையால் கண்ணிழந்தும் அவையேறிப் பாடினார். கண் நடக்க இயலாமையும் கால் காண இயலாமையும் ஒன்றற்கொன்று துணையாக இருவர் இணைந்து பாடிய இரட்டையர் மரபு தமிழுக்கே உரியது. இவர்களைப் போற்றும் மொழியில் குருடு என்பது அறியாமைக்குப் பெயராதல் தகுமா?

கலைச்சொல் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்று நூல்களையும் உடலியல் நூல்களையும் தமிழாக்கினார். உடற்கூற்றியலுக்கு 'அங்காதிபாதம்' என்றும் உடலியலுக்குச் 'சுகரணம்' என்றும் அவர்தம் நூல்கள் வழங்கின. பின்னாளில் மணவை முஸ்தபா முதலியோர் மருத்துவச் சொற்களைத் தொகுத்து அகராதிகளாகத் தந்தனர். ஆயினும் அகராதியில் உறங்கும் சொல் மக்கள் நாவில் ஏறுவதில்லை. சுரப்பி, இயக்குநீர், விழித்திரை, செவிப்பறை ஆகிய சொற்களைப் பாட்டிலும் கதையிலும் இயல்பாக ஆள்வதற்குக் கவிஞர்கள் வேண்டும். மருத்துவர் முன் அமர்ந்து தன் உடலில் நேர்வதைச் சொல்லத் தெரியாமல் 'என்னமோ செய்யுது' என்று மட்டும் சொல்லித் திரும்பும் தாய்மார் இன்னும் பலர். அவர்களுக்குச் சொல் கொடுப்பது சிறிய பணி அன்று.

அகத்திணையில் தோழியின் உயர்ந்த செயல் அறத்தொடு நிற்றல் எனப்படும். வெறியாட்டுப் பறை முழங்கும்போது, மறி அறுபடுவதற்கு முன், அவள் முன்வந்து நோயின் உண்மையான காரணத்தை எடுத்துரைக்கிறாள். பழி தலைவியின்மீது விழாமல் காக்கிறாள். கற்பனை வளமும் சொல் வளமும் அவளுக்கு உண்டு. அவற்றை உண்மை உரைப்பதற்குப் பயன்படுத்துகிறாள் என்பதே அவளுடைய பெருமை.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் கவிஞர்கள் எண்ணற்ற தலைவியரைப் பாடியிருக்கின்றனர். இனிவரும் ஆண்டுகளில் அவர்களுள் ஒருவரேனும், சோம்பேறி என்று பழிக்கப்படும் ஒரு பெண்ணின் பக்கத்தில் தோழியாக நின்று, 'இவள் குற்றம் அன்று. கழுத்தில் உள்ள கேடயம் சோர்ந்திருக்கிறது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்' என்று தம் பாட்டால் சொல்வாராயின், புலவர் என்னும் சொல் தன் வேரோடு பொருந்தி நிற்கும்.